தவக்காலச் செபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியதுமே பலர் மனதுக்குள் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. நாற்பது நாள் கறி மீன் தொடமாட்டேன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போவேன், ஈஸ்டருக்குள் மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும். கேட்பது தவறில்லை, கேட்கச் சொன்னவரே இயேசுதான். ஆனால் காரியம் நடந்தால்தான் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. பாலைநிலத்தில் தண்ணீர் இல்லாதபோது இஸ்ரயேலர் கேட்டதும் அதுவேதான்: ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா, இல்லையா? அந்த இடத்துக்கு மாசா, அதாவது சோதித்தல், என்று பெயர் விழுந்ததை விவிலியத்தின் விடுதலைப்பயணம் 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

அடுத்தது, விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வசனத்தோடு நிறுத்திக்கொள்வதும் இதே ரகம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு நினைவுகூரும், இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நிகழ்வை மத்தேயு 4-இல் கவனித்துப் பாருங்கள். கோவிலின் உச்சியில் நிற்கும் இயேசுவிடம், குதித்துவிடும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறது அலகை, அதாவது சாத்தான். அது காட்டுவது திருப்பாடல் 91-இன் 11, 12-ஆம் வசனங்களை. வசனம் சரிதான், ஆனால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. அதே பாடலில் மூன்று வசனம் தள்ளி, துன்பத்தில் நான் அவர்களோடு இருப்பேன் என்று ஆண்டவர் சொல்கிறார். துன்பமே வராது என்றல்ல, துன்பத்தில் உடன் இருப்பேன் என்று! இயேசு பதிலுக்கு எடுப்பது இணைச்சட்டம் 6:16. ஆண்டவரைச் சோதிக்காதே என்னும் அந்தக் கட்டளையில் மாசாவின் பெயரே இருக்கிறது. ஒரு வசனத்தைப் பிடித்தால் அதன் அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

துக்கத்தை மறைத்துக்கொண்டு செபிப்பதையும் விட்டுவிடுங்கள். முறையிட்டால் விசுவாசக் குறைவு என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். இன்னும் எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது திருப்பாடல் 13. ஆறே வசனம்தான், முறையிட்ட அதே வாய், உம் பேரன்பை நம்புகிறேன் என்றும் சொல்கிறது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான செபம் எனக்குத் தெரியவில்லை. சிலுவையில் இயேசுவின் வாயிலிருந்து வந்ததும் ஒரு முறையீட்டுப் பாடலின் முதல் வரிதான், திருப்பாடல் 22. புனித வாரம் வரை காத்திராமல் இப்போதே அதைக் கடைசி வரை வாசியுங்கள்.

நோன்பை ஊருக்குத் தெரியும்படி நடத்தாதீர்கள். சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6 இதை அழுத்திச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, முதல் வாரத்திலேயே மலைப்பான திட்டம் போடுவது. தினம் பத்து அதிகாரம், மூன்று செபமாலை என்று தொடங்கி, ஒரு நாள் தவறியதும் மொத்தத்தையும் கைவிடுகிறார்கள். அன்றன்றைய திருப்பலி வாசகங்கள் கத்தோலிக்க நாள்காட்டியிலேயே இருக்கின்றன. அந்த நற்செய்தியை நிதானமாக இருமுறை வாசித்து, மனதில் தங்கிய வரியை வைத்தே உங்கள் வீட்டுக் கவலையை ஆண்டவரிடம் பேசுங்கள். நேற்று விட்டுப்போயிருந்தால் நேற்றையதைத் துரத்த வேண்டாம், இன்றைய வாசகத்தை எடுங்கள்.