ஆட்டம் லீவ்ஸ்: துணை வாசிப்பும் மனோதர்மமும், 3ஆவது தந்தியிலிருந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கிட்டார் வாசிக்கிற பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. கோயில் திருவிழா மேடை, டேவானில் (மண்டபத்தில்) கல்யாண விருந்து, தோட்டத்துப் பிறந்தநாள் என்று எங்கே போனாலும் சினிமாப் பாட்டுக்குக் கார்ட் பிடிக்க ஒருவர் இருப்பார். ஜாஸ் என்றால் மட்டும் "அது நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஏ மைனரும் பி 7-உம் பழகிய கை ஜாஸுக்கும் போதும். ஒரே பாட்டை வைத்துக் காட்டுகிறேன்.

பாட்டு ‘ஆட்டம் லீவ்ஸ்’. 1945இல் ஜோசஃப் கோஸ்மா போட்ட மெட்டு. 32 பார் (ஒரு பாருக்கு நான்கு பீட்), எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல் இரண்டு பகுதிக்கும் கார்ட் ஒன்றே என்பதால் புதிதாகக் கற்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் வாயால் பாடுங்கள்

கிட்டாரைத் தொடாமல் மெட்டு முழுவதையும் முணுமுணுக்க வர வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மனத்துக்குள் மெட்டு ஓடாதவர் 20ஆவது பார் வருவதற்குள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றுவிடுவார்.

மூன்றே சுரத்தில் கார்ட்

ஆறு தந்தியையும் அள்ளி அடிக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஒரு கார்டுக்கு மூன்று சுரம் போதும்: அடியில் மூலசுரம், மேலே 4ஆவது, 3ஆவது தந்திகளில் ஒவ்வொன்று. தடித்த தந்தி 6ஆவது. இடையில் வரும் தந்தியை விரலால் லேசாகத் தொட்டு ஊமையாக்குங்கள்.

ஏ மைனர் 7: 6ஆவது, 4ஆவது, 3ஆவது தந்தி மூன்றிலும் 5ஆம் ஃபிரெட்.
டி 7: 5ஆவது தந்தியில் 5, 4ஆவதில் 4, 3ஆவதில் 5.
ஜி மேஜர் 7: 6ஆவதில் 3, 4ஆவதில் 4, 3ஆவதில் 4.
சி மேஜர் 7: 5ஆவதில் 3, 4ஆவதில் 2, 3ஆவதில் 4.
எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5: 6, 4, 3 மூன்றிலும் 2. (அந்த ஃபிளாட் 5 சுரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.)
பி 7: 5ஆவதில் 2, 4ஆவதில் 1, 3ஆவதில் 2.
இ மைனர் 7: 6, 4, 3 மூன்றும் திறந்தபடி.

பாருக்கு ஒரு கார்ட், கடைசி இ மைனருக்கு மட்டும் இரண்டு பார். எட்டு பார் முடிந்தது. அப்படியே இன்னொரு முறை. மூன்றாம் பகுதியில் எஃப் ஷார்ப், பி 7, இ மைனர் இரண்டு பார். பிறகு ஏ மைனர், டி 7, ஜி மேஜர் இரண்டு பார். நான்காம் பகுதியில் எஃப் ஷார்ப், பி 7, இ மைனர் இரண்டு பார். சி மேஜர், பி 7, இ மைனர் இரண்டு பார்.

இப்போது முதல் எட்டு பாரில் 3ஆவது தந்தியை மட்டும் பாருங்கள். 5, 5, 4, 4, 2, 2, பிறகு திறந்த தந்தி. அதாவது சி, பி, ஏ, ஜி. மெட்டைப் பாடிக்கொண்டே இதை மீட்டுங்கள்: மெட்டு நீட்டி நிற்கிற இடமெல்லாம் இதே நான்கு சுரம்தான்! 4ஆவது தந்தியும் கூடவே ஓரிரு ஃபிரெட்டாகக் கீழே இறங்குகிறது. துணை வாசிப்பும் மெட்டும் இந்த ஒரே இழையில்தான் கோத்திருக்கின்றன. மனோதர்மத்தையும், அதாவது அந்தந்த நேரத்தில் கற்பனையில் எழுவதை வாசிப்பதையும், இதிலேயே கோக்கப்போகிறோம்.

வலது கை

நான்கு பீட்டுக்கும் கீழ்நோக்கி நான்கு மீட்டு. மீட்டியதும் இடது கை அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஒலி கத்தரித்தாற்போல் நிற்கும். கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் ஐம்பது ஆண்டுபோல கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன் இதை மட்டுமே செய்து ஒரு பெரிய வாத்தியக் குழுவையே நடத்திச் சென்றார். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, அதன் ஒலி 2ஆவது, 4ஆவது பீட்டில் விழுவதாக எண்ணுங்கள். முதலில் கால் தடுமாறும், பிறகு பிடிபட்டுவிடும். சாயங்கால மழை தகரக் கூரையில் கொட்டும் வேளையில் மெட்ரோனோம் காதில் விழாது, இயர்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.

மனோதர்மம்

துணை வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து ஓடவிடுங்கள். முதல் சுற்றில் பாருக்கு ஒரே சுரம், நாம் பார்த்த அந்த 3ஆவது தந்திச் சுரம் மட்டும். அடுத்த சுற்றில் அதை அடையுமுன் மேலே ஒன்று, கீழே ஒன்று தொட்டுவிட்டு வாருங்கள். அதற்குள்ளேயே அது வாசிப்பாகக் கேட்கத் தொடங்கும்.

பிறகு முழு ஸ்கேல். இ-யை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவி ராகம். பாட்டின் பெரும்பகுதிக்கு இது ஒன்றே போதும். பி 7 வருகிற பாரில் மட்டும் டி, டி ஷார்ப் ஆக வேண்டும். கைசிகி நிஷாதம் காகலி நிஷாதமாகிறது, நடபைரவி கீரவாணியாகிறது. 2ஆவது தந்தியில் 4ஆம் ஃபிரெட்டை பி 7-இல் பிடித்து, இ மைனர் வந்ததும் 5ஆம் ஃபிரெட்டுக்கு ஏறி நில்லுங்கள். அந்த ஒரு நகர்வு காதில் ஒட்டிக்கொண்டுவிட்டால், வேகமாக ஓடும் நூறு சுரத்தைவிட அது பெரிது.

ஸ்விங் நடைக்குத் தகிட சொல்லிப் பழகுங்கள். முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதை மட்டும் தனியாகத் தட்டினால் "தா-ட, தா-ட". இரண்டிரண்டாக வரும் சுரங்களை இந்தக் கணக்கில் வாசியுங்கள். சினிமாப் பாட்டில் பழகிய கை சமமாகவே அடிக்கப் பார்க்கும், விடாதீர்கள்.

இருவராக

ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று அவர் கார்ட், நீங்கள் மனோதர்மம்; அடுத்த சுற்று மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வாசிக்கும்போது நீங்கள் குறைத்து வாசிக்க வேண்டும். "அண்ணே, கொஞ்சம் இடம் விடுங்க" என்று அவர் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பாருக்கு இரண்டு மீட்டு போதும்: முதல் பீட்டில் ஒன்று, 2ஆவது பீட்டின் "தா-ட"வில் அந்த "ட"வில் இன்னொன்று.

கேட்பதற்கு இதே பாட்டை ஜிம் ஹாலும் ரான் கார்ட்டரும் 1972இல் கிட்டாரும் பாஸும் மட்டும் வைத்து வாசித்த பதிவைத் தேடுங்கள். டிரம்ஸ் இல்லாததால் கார்ட் விழும் இடம், விழாத இடம் இரண்டும் தெளிவாகக் கேட்கும். சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் 1958 பதிவு ஜி மைனரில் இருக்கிறது. அதோடு சேர்ந்து வாசிக்க எல்லாப் பிடியையும் 3 ஃபிரெட் மேலே ஏற்றுங்கள். திறந்த தந்திகளில் வாசித்த இ மைனரும் அப்போது 3ஆம் ஃபிரெட்டுக்கு வந்துவிடும்.