கஷ்டப்படும் இளம் எழுத்தாளனை வைத்து நகைச்சுவை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கையில் காசில்லாத இளம் எழுத்தாளன், அவனுக்கு ஒரு காதல், இரண்டிலும் சிக்கல். எழுத வருகிறவர்களில் நிறையப் பேர் முதலில் தொடும் கதை இது. தெரிந்த வாழ்க்கையிலிருந்து எழுதுகிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பல கதைகளில் சிரிப்பு வருவதில்லை.

பெரிய தவறு, தொகையே சொல்லாமல் பணக்கஷ்டத்தை எழுதுவது. "வறுமையில் வாடினான்" என்றால் பரிதாபம் வரும், அவ்வளவுதான். எவ்வளவு குறைகிறது, யாரிடம் கேட்க முடியும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெரிந்தால்தான் அவன் என்ன பொய் சொல்லுவான், யாரைப் பார்த்து ஒளிவான் என்பதெல்லாம் தானாக வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனுடைய நாவல் விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 20 ரூபாய். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்த அந்த நாவல் ஒரு வருஷத்தில் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். இப்போது பெண்ணின் அப்பா எதிரே உட்கார்ந்து "மாசம் எவ்வளவு தம்பி வரும்?" என்று கேட்கிறார். வகுத்தால் மாதம் 500. அந்த ஐந்நூறை அவன் எப்படி வாய்விட்டுச் சொல்லுவான்? வருஷக் கணக்காகச் சொல்லுவானா, விற்பனையைப் பொறுத்தது என்பானா, இல்லை அடுத்த நாவல் வருமானத்தையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுவானா? அந்த இடத்தில் வசன நகைச்சுவையே தேவையில்லை. வாடகை அட்வான்ஸும் அப்படித்தான். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொன்னாலும், ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக்கொள்ள இடம் இருப்பதால் சென்னையில் பத்து மாதம் வரை கேட்பவர்கள் உண்டு. சட்டத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேசப்போகும் எழுத்தாளன் ஒரு முழுக் காட்சிக்குத் தாங்குவான். ஓட்டல் மெனு கார்டில் விலையை மட்டும் பார்க்கும் காட்சியை விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

அடுத்தது, பணக் காட்சிகள் ஒரு பக்கம், காதல் காட்சிகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஓடவிடுவது. இரண்டும் ஒரே முடிச்சில் விழ வேண்டும். 1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தை இதற்காகவே ஒருமுறை பாருங்கள். காதலியின் அப்பாவுக்குப் பணக்கார மாப்பிள்ளை வேண்டும் என்பதால் ரவிச்சந்திரன் இல்லாத கோடீஸ்வர அப்பாவை உண்டாக்குகிறார், முத்துராமன் அந்தக் கிழவராக வேஷம் போடுகிறார், பார்த்தால் முத்துராமனின் காதலி அதே வீட்டு இன்னொரு பெண். பணத்துக்காகச் சொன்ன பொய் இரண்டு காதல்களின் கழுத்தையும் இறுக்குகிறது. அதே படத்தில் படம் எடுக்க அப்பாவிடம் காசு கேட்டு அலையும் செல்லப்பாவாக நாகேஷ், அந்த அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியையும் கவனியுங்கள். செல்லப்பா சிரிக்க வைக்கக் கதை சொல்லவில்லை, நிஜமாகவே பயமுறுத்தும் கதை என்று நம்பிச் சொல்கிறான், பாலையாவும் நிஜமாகவே பயப்படுகிறார். கதாநாயகனையும் அவன் நண்பனையும் வரிக்கு வரி கவுன்டர் கொடுக்கவிடும் எழுத்தில் இந்த நம்பிக்கைதான் இருக்காது.

பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் பில் கட்டுவாள், கையெழுத்துப் பிரதியைப் படித்து அழுவாள், கடைசியில் பரிசாகக் கிடைப்பாள், இதைத் தவிர வேறு வேலையே இல்லாத பாத்திரமாக அவளை எழுதாதீர்கள். அவளுக்கும் சம்பளம், வீட்டுக் கடன், தம்பியின் ஃபீஸ் எல்லாம் இருக்கும். அவன் கடன் கேட்கும்போது அவள் மனதுக்குள் போடும் கணக்கு நமக்குத் தெரிந்தால், இரண்டு பேர் பக்கமும் நின்று சிரிக்கலாம். அப்புறம், வேண்டாம் என்றவளைப் பின்தொடர்ந்து போவதைத் தயவுசெய்து காதல் குறும்பாக எழுத வேண்டாம்.

பலர் மறப்பது, அவன் என்ன எழுதுகிறான் என்று காட்டுவதை. நான்கு வரியாவது நாம் படிக்க வேண்டும். அந்த எழுத்து நல்லதா, சுமாரா என்பதையும் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் பிரிகிறது. நன்றாக எழுதுகிறான் என்றால் உலகத்தோடு அவனுக்குச் சண்டை. சுமாராக எழுதுகிறான் என்றால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவிக்கலாம், எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும்.

கடைசியில் ஒரு தயாரிப்பாளர் திடீரென்று வந்து செக் கொடுத்துக் கதையை முடிப்பதும் வேண்டாம். தயாரிப்பாளர் வந்தே ஆக வேண்டும் என்றால் கூடவே ஒப்பந்தமும் வரட்டும். பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் நீட்டும் தாளிலோ "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று இருக்கும். அவன் தொகையை மட்டும் பார்த்துப் பேனாவைத் திறக்கிறான், அவள் தாளைப் பிடுங்கி முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்குகிறாள், தயாரிப்பாளருக்கு வியர்க்கிறது. அங்கிருந்து எழுதிப் பாருங்கள்.