பாதி நினைவில் நிற்கும் கிராஸ் ஸ்டிட்ச் பேட்டர்னைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை, வெளியே மழை, சுற்றிலும் கொடி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் என் தோழியும் சேர்ந்து பார்த்த கிராஸ் ஸ்டிட்ச் பேட்டர்ன் அது; அதாவது, துணியின் கட்டங்களில் X வடிவத் தையல்களை எண்ணிப் போடுவதற்கான கட்டப்படம். "இதை ஒருநாள் தைக்க வேண்டும்" என்று அவள் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு அதைத் தைத்துக் கொடுக்க எண்ணித் தேடத் தொடங்கி, மூன்று வாரங்களைத் தொலைத்தேன். கடைசியில் கிடைத்தபோது அதில் மழையே இல்லை. நான் மழை என்று நினைத்தது, வெள்ளை நூலில் பின்தையலாக, அதாவது கோடு வரைவதுபோன்ற தையலாக, போட்ட திரைச்சீலையின் கோடுகள். 'மழை' என்ற சொல்லைப் போட்டுத் தேடிய ஒவ்வொரு முறையும் அந்தப் பேட்டர்னை நானே விலக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் தவறு, தேடத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நினைவில் இருப்பதை எழுதி வைக்காமல் நேராகப் படங்களைப் பார்க்கப் போகிறோம். ஐம்பது பூனைகளைப் பார்த்த பிறகு நம் மனதில் இருப்பது பழைய பூனை அல்ல; அந்த ஐம்பதும் கலந்த புதிய பூனை. முதலில் ஒரு தாளை எடுங்கள். உறுதியாகத் தெரிந்ததை ஒரு பக்கமும், அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுவதை மறுபக்கமும் எழுதுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு படம் வரையுங்கள். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதைச் சொல்லைவிடக் கை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்தது, படத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தேடுவது. பூனையும் ரோஜாவும் பறவையும் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களில் இருக்கின்றன. வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டு தேடினால்தான் வட்டம் சுருங்கும். சதுரமா, நீண்டதா, வட்டமா? ஓரத்தில் பார்டர் உண்டா, அது மூலையில் எப்படித் திரும்பியது? எழுத்து வரிசையும் எண்களும் சிறு சிறு சித்திரங்களும் அடுக்கடுக்காக இருந்தனவா? அப்படியானால் அது சாம்ப்ளர் என்ற வகை. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாலே தேடல் வேறு திசைக்குப் போகும். துணி முழுவதும் தையலால் மூடியிருந்ததா, சாய்வான அரைத்தையலாக இருந்ததா? அப்படியென்றால் அது கிராஸ் ஸ்டிட்சே அல்லாமல் கான்வாஸில் செய்யும் நீடில்பாயிண்டாக இருக்கலாம். என் பூனையைக் கண்டுபிடித்துத் தந்தது பூனையல்ல, மூலையில் முடிச்சுப் போட்டதுபோல் திரும்பிய கொடி.

நிறத்தை நம்புவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் வழிதவறுவது இங்கேதான். "நீலப் பின்னணி" என்று நீங்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் தைத்த நிறமாக இருக்காது. பல பேட்டர்ன்களில் பின்னணியைத் தைப்பதே இல்லை. கட்டம் கட்டமாக நெய்த எய்டா துணியின் நிறமே வானமாகவும் சுவராகவும் நின்றுவிடும். ஒருவர் நீலத் துணியிலும் இன்னொருவர் வெள்ளைத் துணியிலும் தைத்தால் ஒரே பேட்டர்ன் இரண்டு படைப்புகளாகத் தெரியும். தைப்பவர் தம் விருப்பப்படி நூலை மாற்றியிருக்கலாம். டி.எம்.சி. என்ற பிராண்டின் நூல் எண்ணுக்குப் பதில் ஆங்கர் என்ற பிராண்டின் நூலை எடுத்திருந்தால் மாற்று அட்டவணை தருவது நெருங்கிய நிறத்தைத்தான், அதே நிறத்தை அல்ல. இவற்றோடு விளக்கு வெளிச்சம், வெயிலில் வெளுத்த நூல், கேமராவின் மஞ்சள் சாயல். எனவே நிறத்தைக் கடைசிச் சான்றாக வையுங்கள்.

தைத்து முடித்த படைப்பின் புகைப்படம் கையில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் சட்டமும் கண்ணாடியும் சுவரும் சேர்ந்த படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் போட்டால், சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் வந்து குவியும். தையல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கோணலை நிமிர்த்தி, பிறகு தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மூலையை மட்டும், பிறகு ஒரு முகத்தை மட்டும். செல்ஃபியில் பின்னால் தெரிந்த படமாக இருந்தால் அது இடவலம் மாறியிருக்கக்கூடும், திருப்பிப் பாருங்கள். ஒரே மொழியில் தேடுவதும் ஒரு தவறுதான். பிரெஞ்சு, இத்தாலி, ஜெர்மன், ரஷ்ய மொழிகளில் இந்தக் கலைக்கு வளமான வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். 'கிராஸ் ஸ்டிட்ச்' என்பதற்கு அந்தந்த மொழியில் உள்ள சொல்லை அந்த எழுத்திலேயே போட்டுத் தேடுங்கள்.

மூலையில் தைத்திருக்கும் ஆண்டையும் முதலெழுத்துகளையும் வடிவமைப்பாளருடையவை என்று எண்ணி ஏமாறுவோர் பலர். பெரும்பாலும் அவை தைத்தவருடையவை. 2009 என்று இருந்தால் அந்த ஆண்டில் தையல் முடிந்தது என்று பொருள். பேட்டர்ன் அதற்கு இருபது ஆண்டுகள் முந்தையதாகவும் இருக்கலாம். பழைய இதழில் வந்தது பின்னாளில் வேறு பெயரில், துணியும் நூலும் பேட்டர்னும் சேர்ந்த கிட்டாக விற்கப்பட்டதும் உண்டு. விற்பனை நின்றுபோனதைக் கடைகளில் தேடிப் பயனில்லை. பழைய கிட்டுகள் மறுவிற்பனைக்கு வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். மூடப்பட்ட கடையின் இணைய முகவரி தெரிந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கம் கிடைக்கக்கூடும்.

கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் முதலில் கண்ணில் பட்ட விற்பனையாளரிடம் பணம் கட்டிவிடாதீர்கள். வடிவமைப்பாளர் பெயர் இல்லை, எத்தனை தையல் அகலம் எத்தனை உயரம் என்ற கணக்கு இல்லை, உள்ளங்கை அளவுப் படத்துக்கு எண்பது நிறங்கள் கேட்கிறது என்றால், யாரோ ஒரு புகைப்படத்தை மென்பொருளில் போட்டு மாற்றியிருக்கிறார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய ஒற்றைத் தையல்களைப் போட்டே கை ஓய்ந்துவிடும். தையல்கள் கட்டத்தில் சரியாக உட்காராமல் வழுக்கிக்கொண்டு தெரிந்தால், விற்பனையாளர் காட்டும் அந்தப் படத்தில் இருப்பதை யாரும் தைக்கவே இல்லை. ஸ்கேன் செய்து இலவசமாகச் சுற்றும் பிரதிகளையும் நான் தொடுவதில்லை. மாதக்கணக்கில் ஒருவர் வரைந்ததை அவருக்குத் தெரியாமல் எடுத்து, அன்பின் பெயரால் இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பரிசு என்பதால் நாள் கணக்கும் இருக்கிறது. 140 தையல் அகலம், 112 தையல் உயரம் உள்ள பேட்டர்ன், 14 கவுண்ட் எய்டாவில் (அங்குலத்துக்கு 14 தையல்) 10 அங்குலத்துக்கு 8 அங்குலம் வரும். முழுவதும் நிரப்பினால் 15,680 தையல்கள். மணிக்கு நூறு தையல் போடும் என் கைக்கு ஏறக்குறைய 157 மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமல் கொடுக்கும் நாளுக்கு முந்தைய மாதம் வரை தேடிக்கொண்டிருப்பது பெரிய தவறு. தேடலுக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் நினைவில் உறுதியாக நின்ற ஒன்றை மட்டும் கட்டத்தாளில் நீங்களே வரைந்து சிறியதாகத் தைக்கலாம்.

வீட்டிலோ உறவினரிடமோ மூலப் படைப்பு மாட்டியிருந்தால் இவ்வளவும் தேவைப்படாமல் போகலாம். சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள், சிலர் விவரங்களை அங்கே எழுதி ஒட்டியிருப்பார்கள். தோழியின் பூனைக்குப் பின்னால் நானும் ஒரு சீட்டு ஒட்டினேன்: பேட்டர்னின் பெயர், வடிவமைப்பாளர், துணியின் கவுண்ட், நூல் எண்கள், தைத்து முடித்த தேதி.