சைடு குவெஸ்டை வேளை தவறி எடுக்காதீர்கள்

இஷ்டப்படி சுற்றித் திரிய விடும் பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் ஒன்றை ஆசையாக ஆரம்பித்து, முப்பது நாற்பது மணி நேரம் ஆடி, மெயின் ஸ்டோரியில் பாதியைக்கூடத் தாண்டாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். கேட்டால் "கேம் ரொம்ப நீளம்" என்பார்கள். அந்த நேரமெல்லாம் எங்கே போனது என்று பார்த்தால், அகதிகளுக்கு ஆட்டுக்கறி சேகரித்ததிலும், மேப்பில் இருந்த கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்ததிலும் போயிருக்கும். கதை தொடங்குவதற்குள் ஆள் களைத்துவிடுகிறார்.

இதற்காக, மெயின் ஸ்டோரிக்கு வெளியே வரும் துணை வேலைகளான சைடு குவெஸ்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீடியோ கேம்களின் மிகச் சிறந்த கதைகளில் பல சைடு குவெஸ்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றை எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மகாபாரதத்தில் நளன் கதை வருவது வனபர்வத்தில். சூதில் நாட்டை இழந்து காட்டில் உட்கார்ந்திருக்கும் தருமனுக்கு, அதே சூதில் எல்லாவற்றையும் தோற்று மீண்ட ஒருவனின் கதையைப் பிருகதசுவ முனிவர் சொல்கிறார். அதே கதையைக் குருக்ஷேத்திரத்தில் பதினேழாம் நாள் சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

முதல் ஊரிலேயே குடியேறிவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நல்ல உதாரணம் பயோவேர் நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்ட டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன். கதை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற பரந்த மலைப்பகுதிக்கு அனுப்புவார்கள். அங்கே போர்வை வேண்டும், கறி வேண்டும், மூலிகை வேண்டும், பளிங்குச் சில்லுகளைப் பொறுக்க வேண்டும், வானத்தில் திறந்த பிளவுகளை மூட வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் நகர்வேன் என்று உட்கார்ந்தவர்கள் அங்கேயே பதினைந்து இருபது மணி நேரம் கிடந்தார்கள். கடைசியில் அந்த கேமின் கிரியேட்டிவ் டைரக்டர் மைக் லெய்ட்லாவே, ஹின்டர்லேண்ட்ஸை விட்டு வெளியே போங்கள் என்று ஆடுகிறவர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். அதே ஹின்டர்லேண்ட்ஸின் ஒரு மூலையில், ஆரம்ப லெவலில் இருப்பவரை நொடியில் சாம்பலாக்கும் டிராகன் ஒன்று இருக்கிறது. இப்போது உன்னால் முடியாது, போய்விட்டுப் பிறகு வா என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டுமா? மெயின் ஸ்டோரியைத் திறக்கத் தேவையான பவர் புள்ளிகள் ஓரளவு சேர்ந்ததுமே கிளம்பிவிட வேண்டும். அந்த கேமின் உண்மையான கதை ஸ்கைஹோல்ட் கோட்டையைக் கண்டடைந்த பிறகுதான் சூடு பிடிக்கிறது. அதைப் பார்க்காமலேயே கேம் சலிப்பாக இருக்கிறது என்று மூடிவைத்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதல் இடத்தையே சுத்தமாகத் துடைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தி விட்சர் 3-ல் உங்கள் லெவலைவிட ஆறு லெவலோ அதற்கு மேலோ குறைவான குவெஸ்ட் சாம்பல் நிறமாகிவிடும். அதை முடித்தால் கிடைக்கும் எக்ஸ்பி, அதாவது லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிகள், மிகச் சொற்பம். சின்ன வேலைகளாகச் செய்து லெவலை ஏற்றிக்கொண்டே போனால், நல்ல குவெஸ்டுகளும் சாம்பலாகிவிடுகின்றன, மெயின் ஸ்டோரி சண்டைகளும் சப்பென்று ஆகிவிடுகின்றன. அந்த கேமில் ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் மிதக்கும் கேள்விக்குறிகள் ஏராளம். பெரும்பாலும் கடத்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன சரக்குதான். படகில் போய், சைரன்களோடு சண்டை போட்டு எடுத்தால், கடையில் விற்றுக் காசாக்கும் சாமான்தான் கிடைக்கும். அதை முடிக்காவிட்டால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

எல்லாமே வெட்டி வேலை என்று ஒதுக்குவது

மேலே சொன்னதைக் கேட்டு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. மெயின் ஸ்டோரி மட்டும் போதும் என்று நேராகப் போய் முடிப்பார்கள். சில கேம்களில் அது கதையையே முறித்துவிடும்.

அதே விட்சர் 3-ல் வட நாடுகளின் போரில் யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்வது ரீசன் ஆஃப் ஸ்டேட் என்ற ஒரு சைடு குவெஸ்ட். அது தானாக வராது. முன்னால் வரும் வேறு சில துணைக் குவெஸ்டுகளை உரிய நேரத்தில் முடித்திருந்தால்தான் அந்த வாசல் திறக்கும். வெலனில் சந்திக்கும் கெய்ரா மெட்ஸ் என்ற சூனியக்காரியின் குவெஸ்டும் இப்படித்தான். எலிகள் மொய்க்கும் கோபுரம் ஒன்றைப் பற்றிய தனிக்கதை போலத் தோன்றும். ஆனால் முடிவில் அவளிடம் பேசி கேர் மோர்ஹென் கோட்டைக்கு அனுப்பிவைத்தவர்களுக்கு, பல மணி நேரம் கழித்து அந்தக் கோட்டையில் நடக்கும் சண்டையில் அவளால் ஒரு தோழனின் உயிர் மிஞ்சுகிறது. யார் என்று சொல்லாமல் விடுகிறேன், இன்னும் ஆடாதவர்கள் இருப்பார்கள்.

2010-ல் வந்த மாஸ் எஃபெக்ட் 2 இதை ஒரு கட்டமைப்பாகவே ஆக்கியது. உங்கள் அணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் லாயல்டி மிஷன் ஒன்று உண்டு. ஒருவருக்குத் தந்தையுடன் தகராறு, இன்னொருவருக்கு மகனோடு, வேறொருவருக்குப் பழைய துரோகி ஒருவனோடு கணக்குத் தீர்க்க வேண்டும். மனிதகுலமே ஆபத்தில் இருக்கும்போது இந்தக் குடும்பப் பிரச்சினை எதற்கு என்று தோன்றலாம். கடைசி மிஷனில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதில் இந்த மிஷன்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மனதில் பாரமுள்ளவர் போரில் தடுமாறுவார் என்பதுதான் அதன் தர்க்கம். சைபர்பங்க் 2077-லும் பனாம் என்ற தோழியின் குவெஸ்டுகளைக் கடைசி வரை தொடர்ந்தவர்களுக்குத்தான் நாடோடிக் கூட்டத்தோடு சேரும் முடிவு கிடைக்கும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று எப்படித் தெரியும்? என் அளவுகோல் எளிமையானது. குவெஸ்ட் கொடுப்பவருக்குப் பெயரும், கதையில் வேறு எங்காவது ஒரு இடமும் இருந்தால் எடுத்துவிடுவேன். அறிவிப்புப் பலகையிலிருந்து வருவது என்றால் ஒன்றிரண்டு செய்து பார்ப்பேன். ஒன்றை முடித்ததும் அதே ஆள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அதே வேலையை மறுபடி கொடுத்தால் அதோடு விட்டுவிடுவேன். 2011-ல் வந்த ஸ்கைரிமில் ரேடியன்ட் என்ற முறை இப்படி முடிவில்லாமல் வேலைகளை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு முடிவு கிடையாது என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

கதை அவசரப்படுத்தும்போது எதை நம்புவது?

உலகம் அழியப்போகிறது, உடனே வா என்று கதை கத்தும். நீங்கள் மீன் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். சைடு குவெஸ்டின் பழைய குறை இது. ஸ்கைரிமில் ஆல்டுயின் என்ற டிராகன் நீங்கள் வரும்வரை எத்தனை வருடமானாலும் காத்திருக்கும். இப்படிப் பல கேம்களில் ஆடிப் பழகியவர்கள், எந்த அவசரமும் பொய்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2011-ல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷனில், பணயக்கைதிகள் இருக்கிறார்கள், ஹெலிகாப்டருக்கு வா என்று முதலாளி கூப்பிடுவார். அலுவலகத்தில் ஒவ்வொரு அறையாகத் துழாவிக்கொண்டிருந்தால், நீங்கள் போய்ச் சேரும்போது கைதிகள் செத்திருப்பார்கள். பால்டர்ஸ் கேட் 3-ல் (2023) தீப்பிடித்து எரியும் சத்திரத்தைக் கண்ட பிறகு முகாமுக்குப் போய்த் தூங்கினால், உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள். ஆனால் அதே கேமில் உங்கள் மண்டைக்குள் இருக்கும் புழு உங்களைச் சீக்கிரம் அரக்கனாக மாற்றிவிடும் என்ற பயம் மட்டும் கடிகாரத்தோடு கட்டப்படவில்லை. அதை நம்பித் தூங்காமலேயே ஆடியவர்கள், முகாமில் இரவில் மட்டும் வரும் தோழர்களின் உரையாடல்கள் பலவற்றை இழந்தார்கள்.

மாஸ் எஃபெக்ட் 2-ல் இது இன்னும் கடுமை. ரீப்பர் ஐ.எஃப்.எஃப் என்ற கருவியை எடுத்த சில மிஷன்களில் உங்கள் கப்பலின் ஊழியர்கள் கடத்தப்படுவார்கள். உடனே அவர்களைத் தேடிப் போனால் அனைவரையும் மீட்கலாம். இடையில் ஒன்று முதல் மூன்று மிஷன் செய்தால் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் டாக்டர் சாக்வாஸ் ஒருவர்தான் மிஞ்சுவார். லாயல்டி மிஷன்களை அந்தக் கருவியை எடுப்பதற்கு முன்பே கூடியவரை முடித்துவிடுவது நல்லது. விதிவிலக்கு லீஜியன் என்ற அணித் தோழன் மட்டும்தான், அவன் கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இந்த விஷயத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோனது 2000-ல் நின்டெண்டோ வெளியிட்ட ஜெல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க். மூன்று நாளில் நிலா ஊர்மேல் விழுந்துவிடும். அந்த மூன்று நாளையும் திரும்பத் திரும்ப வாழ்கிறோம். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் ஒரு நடமாட்டம் உண்டு, அதைக் குறித்துவைக்கக் கையில் ஒரு நோட்டும் உண்டு. விடுதி நடத்தும் அஞ்சுவுக்கும் கஃபே என்ற இளைஞனுக்கும் திருவிழா நாளில் கல்யாணம். மாப்பிள்ளை காணவில்லை. சாபத்தால் சிறுவனாக மாறி ஒளிந்திருக்கிறான். கடிதம் கொண்டுபோய், பதில் வாங்கி, மூன்றாம் நாள் திருடனின் குகை வரை துணைக்குப் போய், ராத்திரி விடுதி மாடியில் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். தலைக்கு மேல் நிலா இறங்கிக்கொண்டே இருக்கும். அவன் வந்து சேர்வது விடியலுக்குச் சற்று முன்புதான். பிறகு நாம் காலத்தைத் திருப்பியாக வேண்டும், அதோடு அவர்கள் இருவரும் பழையபடி பிரிந்த நிலைக்கே போய்விடுவார்கள். இந்தக் கதையில் அவசரம் வெறும் பேச்சு இல்லை. முதல் நாள் இரவு ஒரு பாட்டியின் பையைத் திருடனிடமிருந்து காப்பாற்றினால், அந்தச் சுற்றில் அஞ்சுவின் கதையை முடிக்கவே முடியாது. ஒருவருக்கு உதவினால் இன்னொருவருக்கு உதவ முடியாமல் போவதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன சைடு குவெஸ்டுகள் இன்றுவரை குறைவுதான்.

நூறு சதவீதம் என்ற வெறி

பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) உலகமெங்கும் ஒளித்துவைத்த 900 கொரோக் விதைகள் உண்டு. பையின் இடத்தை முழுமையாகப் பெருக்க 441 போதும். 900-ஐயும் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பரிசு சாணி வடிவத்தில் தங்க நிறத்தில் ஒரு பொருள், எந்தப் பயனும் கிடையாது. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றிரண்டு தட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வைத்திருக்கிறார்கள். மேப்பை வைத்துக்கொண்டு தேடித் தேடி எடுப்பது அந்த ஏற்பாட்டையே தலைகீழாக்குவது.

அதே கேமில் டேரி டவுன் என்ற ஊரை எழுப்பும் குவெஸ்டைப் பாருங்கள். ஹட்சன் என்ற கொத்தனார் வெற்று நிலத்தில் வேலையைத் தொடங்குவார். பெயர் 'சன்' என்று முடிகிற ஆட்களை கொரான், ரிட்டோ, கெருடோ, சோரா ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக அனுப்பிவைக்க வேண்டும். அந்த நான்கு ஊர்களுக்கும் மெயின் ஸ்டோரிக்காக எப்படியும் போகத்தான் போகிறீர்கள். போகிற இடத்தில் ஆளைப் பிடித்து அனுப்பினால் போதும், உங்கள் பயணத்தோடு ஓர் ஊரும் வளரும். இதை ஒரே மூச்சில் முடிக்க ஓடுகிறவர்கள் அந்த வளர்ச்சியைப் பார்ப்பதில்லை.

முன்னதாகவே செய்துவிட வேண்டியவையும் இருக்கின்றன. பிரவுசிங் சென்டர்களில் ஜி.டி.ஏ: சான் ஆன்ட்ரியாஸ் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஆம்புலன்ஸ் மிஷன் நினைவிருக்கும். 12 லெவல் முடித்தால் ஹெல்த் உச்சத்துக்குப் போகும். தீயணைப்பு வண்டியில் 12 முடித்தால் நெருப்பு உங்களைத் தீண்டாது. கதை எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்து என்ன பயன்? பாதியிலேயே, கஷ்டமான மிஷன்கள் வருவதற்கு முன்பு முடித்துவிட வேண்டும். ஏஞ்சல் பைன் போன்ற சிற்றூரில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது லாஸ் சான்டோஸ் நெரிசலில் ஓட்டுவதைவிடச் சுலபம்.

கைடைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடுவது

2022-ல் வந்த எல்டன் ரிங்கில் குவெஸ்ட் பட்டியலே கிடையாது. யார் என்ன சொன்னார்கள் என்று நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். வெளியான சில வாரங்களிலேயே, சந்தித்த ஆட்களின் இருப்பிடத்தை மேப்பில் காட்டும் வசதியை அப்டேட்டில் சேர்த்தார்கள். அப்போதும் பலர் செய்தது, முதல் மணி நேரத்திலிருந்தே யூடியூப் கைடைப் பார்த்து ஆடியது. குவெஸ்ட் தவறாமல் முடியும், ஆனால் ரான்னி யார், அவள் என்ன விரும்புகிறாள் என்று தானாகப் புரிந்துகொள்ளும் சந்தோஷம் போய்விடும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பெயர், ஊர், அவர் கடைசியாகச் சொன்னது ஆகிய மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். வழி முற்றிலும் அடைபட்டால் மட்டும் கைடைப் பாருங்கள், அதுவும் அடுத்த ஒரு படிக்கு மட்டும்.

வசனத்தைத் தாவிவிட்டு மார்க்கரை மட்டும் பின்தொடர்ந்து ஓடுவதும் இதே ரகம்தான். கதையைக் கேட்கப் பொறுமை இல்லாத நாளில் சைடு குவெஸ்டைத் தொடாமல் இருப்பதே மேல்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மீதியை மெயின் ஸ்டோரி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்பது கேமுக்குக் கேம் மாறும். சைபர்பங்க் 2077 முடிவுக்குப் பிறகு உங்களைக் கடைசி மிஷனுக்கு முந்தைய இடத்துக்கே திருப்பிவிடும், அதனால் பயமில்லை. மாஸ் எஃபெக்ட் 2-ல் நீங்கள் ஆடும் பாத்திரமான ஷெப்பர்டு உயிரோடு இருந்தால் தொடரலாம். விட்சர் 3-ம் முடிந்த பிறகு உலகத்தில் சுற்ற விடும், ஆனால் ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ் தீவுக்குப் போகும்போது தோற்றுப்போன குவெஸ்டுகள் தோற்றவையாகவே இருக்கும். கிளம்புவதற்கு முன் கேமே எச்சரிக்கும். அந்த இடத்தில் தனியாக ஒரு சேவ் போட்டு, அதைக் கடைசி வரை அழிக்காமல் வைத்திருங்கள்.