நாலு பாட்டு, ஒரே ஆர்க்கெஸ்ட்ரா: டாங்கோ கேட்கவும் கேட்க வைக்கவும்

டாங்கோங்கற ஜோடி ஆட்டத்தைக் கத்துக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அடி எடுத்து வைக்கத்தான் ஆசைப்படறாங்க. நான் கொஞ்ச நாளைக்குப் பாட்டை மட்டும் கேட்கச் சொல்லுவேன். பொள்ளாச்சிப் பக்கம் எங்க தோட்டத்து வீட்டு ஆசாரத்துல (முன்கூடத்துல) ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடறவங்கள்ல பாதிப் பேர் வள்ளி கும்மி ஆடறவங்க. தாளம் அவங்க கால்லயே இருக்கு. ஆனாலும் டாங்கோவுக்குக் காது பழகணும், ஏன்னா அதுல மேளம் கிடையாது.

எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, கேட்டதும் அதுதான்: "ஏங்கண்ணு, மேளமே இல்லாம எப்படி ஆடறது?"

பழைய டாங்கோ ஆர்க்கெஸ்ட்ராவுல பாண்டோனியன், வயலின், பியானோ, டபுள் பேஸ், அவ்வளவுதான். பாண்டோனியன் ஜெர்மனியில பிறந்து அர்ஜென்டினாவுக்குப் போன துருத்திப் பெட்டி. அதுல பெரும்பாலும் ஒரே பொத்தான் துருத்தி விரியறப்ப ஒரு ஸ்வரமும் சுருங்கறப்ப வேற ஸ்வரமும் தரும். தாளத்தைத் தாங்கறது பெரும்பாலும் பியானோவோட இடது கையும் டபுள் பேஸும். அதனால போன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க, கீழ்ச்சத்தம் மொத்தமும் காணாமப் போயிரும். நல்ல ஹெட்போன் போதும்.

முதல்ல ஆர்க்கெஸ்ட்ரா நடத்தின ஹுவான் டாரியென்சோ. 1935 கடைசியில இருந்து 1938 வரைக்கும் அவர் குழுவுல ரொடோல்ஃபோ பியாஜி பியானோ வாசிச்ச காலத்துப் பதிவுகளை எடுங்க. 1936-ல் வந்த 'எல் ஃப்ளெட்டே' போட்டதும் எங்க கும்மிக்காரங்க கை தானா தட்ட ஆரம்பிச்சிருச்சு, ஒரு தட்டுகூடப் பிசகல. அப்புறம் இன்னொரு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் கார்லோஸ் டி சார்லி. அவரோட 1957 பதிவு 'பாஹியா பிளாங்கா'வுக்குக் கை தட்டாதீங்க, மொட்டை மாடியில நடங்க. வயலின் இழுக்கற நீளத்துக்கு ஒரு அடி, அது மூச்சு விடற இடத்துல நில்லுங்க. டாங்கோ ஆட்டத்துல பெரும்பங்கு நடைதான், அதை இந்த ஒரு பாட்டே சொல்லிக் குடுத்துரும். ஒஸ்வால்டோ புக்லியேசேவைக் கடைசிக்கு வைங்க. 'லா யும்பா'வுல வேகம் இழுபட்டுக்கிட்டே போகும், புதுசா வந்தவங்க திணறிப் போவாங்க. ஆஸ்டர் பியாசோலா எனக்கு உசுரு, ஆனா அவர் இசை பெரும்பாலும் உக்காந்து கேட்கறதுக்கு.

மூணு வகை இருக்கு: டாங்கோ, வால்ஸ், மிலோங்கா. வால்ஸ் 'தகிட தகிட'ன்னு மூணு மூணாப் போகும். ரோசிட்டா மெலோ எழுதின 'தெஸ்தே எல் அல்மா'வைத்தான் அம்மிச்சிக்குப் போட்டுக் காட்டினேன், பாக்கு இடிக்கறதை நிறுத்திட்டுக் கேட்டாங்க. மிலோங்கா ரெண்டு தட்டு, துள்ளல்.

அடுத்தவங்களுக்குக் குடுக்கறப்பதான் பல பேர் அவசரப்படறாங்க. அம்பது பாட்டு லிங்க்கை வாட்ஸ்அப்ல தள்ளிவிட்டா யாரும் திறக்க மாட்டாங்க. ஆட்ட அரங்குல டாண்டான்னு ஒரு முறை உண்டு: ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, கிட்டத்தட்ட ஒரே காலம், குரல் இருந்தா ஒரே பாடகர், மூணோ நாலோ பாட்டு. அதே அளவுல அனுப்புங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட் பார்க்கற சிநேகிதருக்கு டி சார்லியும் பாடகர் ரொபெர்டோ ரூஃபினோவும் சேர்ந்த நாலு பாட்டை அனுப்பி, "பாடகர் எப்ப வர்றாருன்னு மட்டும் பாருங்க"ன்னு வாய்ஸ் நோட் போட்டேன். அந்தக் கால ஆட்டப் பதிவுகள்ல வாத்தியம் பாதிக்குப் பக்கமா வாசிச்ச பிறகுதான் பெரும்பாலும் குரல் வரும். காலையில கம்பெனி பஸ்ல இருந்தே கூப்பிட்டு, அடுத்த நாலு எப்பங்கன்னு கேட்டாரு. ஒரே ஒரு குறிப்பு குடுங்க, மிச்சத்தை அவங்க காதுக்கு விட்டுருங்க.

ஒரு டாண்டாவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கோர்டினா, அதாவது டாங்கோ இல்லாத வேற இசை, அரை நிமிஷம். அதுலதான் ஆடறவங்க ஜோடி மாறுவாங்க. எங்க ஊர்னு ஜமாப் மேளத்தைப் போட்டுராதீங்க, யாரும் களத்தை விட்டு நகர மாட்டாங்க. நான் புல்லாங்குழல் ஆலாபனை வைக்கறேன். வரிசை நாங்க வைக்கறது: ரெண்டு டாங்கோ டாண்டா, ஒரு வால்ஸ், மறுபடி ரெண்டு டாங்கோ, ஒரு மிலோங்கா.

கடைசிப் பாட்டு 'லா கும்பர்சீட்டா'ன்னு உலகம் பூரா வழக்கம். அது உருகுவேக்காரர் ஹெரார்டோ மாட்டோஸ் ரொட்ரிகெஸ் எழுதினது. பதிவு எக்கச்சக்கமா இருக்கு. நாங்க டாரியென்சோவோட 1937 பதிவைப் போடறோம். வயசானவங்க நிறைய வந்திருந்தா டி சார்லியோடது.