போர் ஓவியத்தைப் பார்ப்பது எப்படி? மாதெய்கோவின் 'க்ருன்வால்ட் போர்' வைத்து ஒரு பயிற்சி

குதிரை, வாள், ஈட்டி, கூட்டம். பெரிய போர் ஓவியத்தின் முன் நின்றால் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியாது. போலந்து ஓவியர் யான் மாதெய்கோவின் 'க்ருன்வால்ட் போர்' அந்த ரகம்: உயரம் 4 மீட்டருக்கு மேல், அகலம் ஏறக்குறைய 10 மீட்டர். அசல் வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிய அளவுப் படம் கிடைக்கும். கணினியில் திறந்துகொள்ளுங்கள், கைபேசித் திரை போதாது.

படி 1: இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

போர் நடந்தது 1410 ஜூலை 15. போலந்து, லித்துவேனியப் படைகள் டியூட்டானிக் வீரர்களை, அதாவது ஜெர்மானியக் கிறித்தவத் துறவி-வீரர் அமைப்பினரை, தோற்கடித்த நாள். ஓவியம் முடிந்தது 1878.

இரண்டாவது ஆண்டுதான் முக்கியம். பலரும் அதைப் பார்ப்பதேயில்லை. அப்போது வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா (ஒரு ஜெர்மானிய அரசு), ஆஸ்திரியா மூன்றும் 1772, 1793, 1795 என மூன்று தவணையில் பங்குபோட்டு விழுங்கிவிட்டன. 1863இல் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1871இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒன்றுபட்டது. அதன் பிடியிலிருந்த பள்ளிகளில் போலிஷ் மொழியை ஓரங்கட்டினார்கள். அந்தச் சமயத்தில் ஒருவர் ஜெர்மானியர் தோற்ற போரைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் சும்மா இல்லை. அவர் வாழ்ந்த கிராக்கோவ் ஆஸ்திரியாவின் கீழ் ஓரளவு தன்னாட்சியோடு இருந்ததால் துணிந்து வரைய முடிந்தது.

படி 2: நடுவில் யார்?

சிவப்பு உடையில், தலைக்கவசம் இல்லாமல், வாளை உயர்த்தியபடி இருப்பவர் லித்துவேனியக் கோமகன் விட்டோல்ட். அப்படியானால் போலந்து அரசர் யாகியேவோ எங்கே? வலப்பக்கம் மேலே, தூரத்தில், சின்னதாக. முதல் தடவை பார்ப்பவர்கள் அவரைத் தவறவிடுவது சகஜம்.

படி 3: சாகிறவரைத் தேடுங்கள்

இடப்பக்கம், வெள்ளை உடையில், டியூட்டானிக் தலைவர் உல்ரிச் ஃபான் யுங்கிங்கன். அவரை வீழ்த்துவது பளபளக்கும் கவசமணிந்த பிரபு இல்லை, சாதாரணக் காலாட்கள். என் பார்வையில் ஓவியத்திலேயே கூர்மையான இடம் இதுதான். நாட்டை மீட்கப்போவது யார் என்ற கேள்விக்கு 1878இன் பதில் அது.

படி 4: வானத்தைப் பாருங்கள்

மேலே மண்டியிட்டு வேண்டுபவர் போலந்தின் காவல் புனிதர் ஸ்தனிஸ்லாவ். போருக்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே இறந்தவர்! ஆகவே 'இப்படியா நடந்தது?' என்று சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடை, ஆயுதங்களை மாதெய்கோ தேடித்தேடிப் படித்து வரைந்தார். அடுக்கிய விதம் மட்டும் அவருடைய வாதம்.

படி 5: ஓவியத்துக்கு அப்புறம் என்ன நடந்தது?

1878இல் கிராக்கோவ் நகர மன்றம் மாதெய்கோவுக்கு ஒரு செங்கோலைப் பரிசளித்தது. அரசர் இல்லாத நாட்டில் ஓவியர் கையில் செங்கோல்! இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வெகுமதி அறிவித்து இந்த ஓவியத்தைத் தேடினார்கள். போலந்துக்காரர்கள் அதை லுப்லினில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள்.

சரி, இனி நீங்களே செய்து பாருங்கள். அதே ஓவியரின் 'பிரஷ்ய வணக்கம்': பிரஷ்யக் கோமகன் போலந்து அரசர் முன் மண்டியிட்ட சம்பவம் 1525, ஓவியம் முடிந்தது 1882. கொண்டாட்டத்துக்கு நடுவே கவலையோடு உட்கார்ந்திருக்கும் அரசவைக் கோமாளி ஸ்தான்சிக்கிடமிருந்து ஆரம்பியுங்கள்.