வார்னிங் ஃப்ளாக்க எங்க வைக்கறது? சீமேக்ல பில்டு பண்றவங்களுக்கு

சி பிளஸ் பிளஸ் கோட எப்படி பில்டு பண்ணணும்னு எழுதி வைக்கற டூல்தான் சீமேக், எத எச்சரிக்கணும்னு கம்பைலருக்கு சொல்றதுதான் வார்னிங் ஃப்ளாக். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல பில்டு போட்டா ஸ்க்ரீன் முழுக்க வார்னிங்கா ஓடும், யாரும் படிக்க மாட்டாங்க. புலி வருது புலி வருதுன்னு தினம் கத்துனா யாரு திரும்பிப் பாப்பா? ஒரு நாள் ஒருத்தருக்கு கடுப்பாகி சீமேக் ஃபைலோட தலையிலயே டபிள்யூ-எரர்னு, அதாவது எந்த வார்னிங் வந்தாலும் எரரா நிறுத்தற ஃப்ளாக்க, போட்டுட்டாரு, ஒரு வாரம் எல்லாரும் உக்காந்து சரி பண்ணோம், பில்டு சுத்தமாச்சு, சந்தோஷம். அப்புறம் பில்டு சர்வர்ல கம்பைலர் புது வெர்ஷனுக்கு மாறுச்சு, புதுசா நாலஞ்சு வார்னிங் வந்துச்சு, ரிலீசுக்கு முந்துன ராத்திரி எல்லாம் எரரா நின்னுடுச்சு. அவசரத்துல இன்னொருத்தர் சின்ன டபிள்யூ, அதாவது எல்லா வார்னிங்கையும் மொத்தமா வாயடைக்கிற அந்த ஃப்ளாக்க சொருகிட்டாரு. எலிக்கு பயந்து வீட்ட கொளுத்தின கதைதான். அது அங்கயே தங்கிருச்சு. சில மாசம் கழிச்சு ஒரு கஸ்டமர் இடத்துல க்ராஷ், போய் பாத்தா ஒரு லூப்ல இன்ட் வேரியபிள வெக்டர் சைஸ்-மைனஸ்-1 கூட கம்பேர் பண்ணிருக்கு, சைஸ் மைனஸே ஆக முடியாத அன்சைன்டு எண், அதனால வெக்டர் காலியா இருந்தா மைனஸ் 1 வராது, 64 பிட் மெஷின்ல 18446744073709551615 வரும், லூப் ஓடிக்கிட்டே போயி மெமரிய தாண்டிருச்சு. மைனஸ் வர்ற எண்ணையும் வராத எண்ணையும் ஒப்பிட்டா சொல்ற சைன்-கம்பேர் வார்னிங் இத எப்பவோ சொல்லிருக்கும், நாமதான் அதோட வாயக் கட்டி வச்சிருந்தோம்.

அதனால இதுல நான் சொல்லப்போறது எந்த ஃப்ளாக் நல்லதுங்கறத விட அத எங்க வைக்கணும், யாருக்கு பொருந்தணும்ங்கறதுதான். ஃப்ளாக் பேரெல்லாம் வாயில சொல்ற மாதிரியே எழுதறேன், டைப் பண்றப்ப ஜிசிசி, கிளாங்ங்கற கம்பைலருக்கு முன்னால ஒரு ஹைஃபன், விஷுவல் ஸ்டுடியோ கம்பைலருக்கு ஸ்லாஷ், சீமேக் பேர்ல இடைவெளி வர்ற இடத்துல அண்டர்ஸ்கோர் போட்டுக்கங்க.

முதல்ல எத ஆன் பண்றது. டபிள்யூ-ஆல்னு பேரு இருக்கறதால எல்லாமே வந்துடும்னு நினைக்காதீங்க, வராது, பெரும்பாலானவங்களுக்கு தேவைப்படுறது மட்டும்தான் அதுல இருக்கு. அதோட டபிள்யூ-எக்ஸ்ட்ரா, டபிள்யூ-பெடான்டிக் ரெண்டையும் சேர்த்துக்கங்க, இந்த மூணும் புது ப்ராஜெக்ட்னா முதல் நாள்லயே போட்டுடலாம். இந்த மூணுலயும் ஷேடோ வராது, கன்வர்ஷன் வராது. டபிள்யூ-ஷேடோ போட்டா வெளிய இருக்கற வேரியபிள் பேர்லயே உள்ள இன்னொன்னு வச்சிருந்தா சொல்லும், எனக்கு இது நிறைய தடவை காப்பாத்திருக்கு. ஒரு டைப்லருந்து இன்னொன்னுக்கு மாறறப்ப மதிப்பு கெடலாம்னா சொல்ற டபிள்யூ-கன்வர்ஷன் நல்லதுதான் ஆனா பழைய கோடுல போட்டா மழை மாதிரி கொட்டும், அத கடைசிக்கு வச்சுக்கங்க. கிளாங்ல டபிள்யூ-எவ்ரிதிங்னு ஒன்னு இருக்கு, அது நிஜமாவே எல்லாத்தையும் ஆன் பண்ணும், ஒன்னுக்கொன்னு முரணானதெல்லாம் கூட அதுல இருக்கு, என்னென்ன வார்னிங் இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை போட்டுப் பாக்கலாம், நிரந்தரமா வைக்க வேண்டாம்.

ஆல் போட்டாச்சு போதும்னு இருக்கறவங்களுக்கு 2014 பிப்ரவரி ஆப்பிள் கதை ஞாபகம் இருக்கணும். இணைய இணைப்ப பாதுகாக்கற எஸ்எஸ்எல்ல சரிபார்க்கற கோடுல கோட்டூ ஃபெயில்னு ஒரே வரி ரெண்டு தடவை வந்துடுச்சு, ரெண்டாவது வரி இஃப்-க்கு வெளிய விழுந்ததால அதுக்கு கீழ இருந்த சிக்னேச்சர் செக் ஓடவே இல்ல, ஐபோனும் மேக்கும் மாட்டுச்சு. கிளாங்ல அன்ரீச்சபிள்-கோட்னு ஒரு ஃப்ளாக் அப்பவே இருந்துச்சு, போட்டிருந்தா பிடிச்சிருக்கும், ஆனா அது டபிள்யூ-ஆல்ல சேர்த்தி இல்ல. ஜிசிசி 2016ல 6ம் வெர்ஷன்ல மிஸ்லீடிங்-இன்டென்டேஷன்னு ஒன்னு கொண்டு வந்துச்சு, அது ஆல்லயே வருது, இதே மாதிரி தப்ப பிடிக்கும்.

விஷுவல் ஸ்டுடியோ பக்கம் நிலைமை வேற. அங்க டபிள்யூ 4 தான் நமக்கு தேவையான அளவு. அங்க டபிள்யூ-ஆல் போட்டா நிஜமாவே எல்லாம் ஆன் ஆகும், ஸ்டாண்டர்ட் ஹெடர்லருந்தே வார்னிங் கொட்டலாம். இதுல ஒரு குழி இருக்கு பாருங்க, அந்த கம்பைலர் ஸ்லாஷுக்கு பதிலா ஹைஃபனையும் ஏத்துக்கும், அதனால லினக்ஸ்ல எழுதுன ஹைஃபன் டபிள்யூ-ஆல் அப்படியே விண்டோஸ்ல போனா எரர் எதுவும் வராது, அர்த்தம் மட்டும் மாறிடும். கிளாங்-சிஎல், அதாவது விஷுவல் ஸ்டுடியோ கம்பைலர் மாதிரியே ஆப்ஷன் வாங்கிக்கற கிளாங், இன்னும் மோசம், சீமேக் அத கிளாங்னுதான் அடையாளம் சொல்லும், ஆனா டபிள்யூ-ஆல் குடுத்தா அது எவ்ரிதிங்னு எடுத்துக்கும். அதனால கம்பைலர் பேர வச்சு பிரிக்கறதுக்கு முன்னாடி எம்எஸ்விசிங்கற வேரியபிள வச்சு இஃப் போடுங்க, கிளாங்-சிஎல்லுக்கும் அது ட்ரூவா இருக்கும், ரெண்டுக்கும் டபிள்யூ 4 போயிடும், மத்த எல்லாருக்கும் எல்ஸ்ல ஜிசிசி ஸ்டைல். பேர வச்சுத்தான் பிரிப்பேன்னா மேக்ல வர்றது ஆப்பிள்கிளாங், வெறும் கிளாங் இல்ல, ஈக்வல் போட்டு கம்பேர் பண்ணா சிக்காது, மேட்சஸ் போடணும்.

இப்ப எங்க வைக்கறது. பழைய ப்ராஜெக்ட்ல எல்லாம் சீமேக் சிஎக்ஸ்எக்ஸ் ஃப்ளாக்ஸ்ங்கற வேரியபிள்ல ஒட்டிருப்பாங்க. அது உங்க இடம் இல்ல, பில்டு பண்றவரோட இடம், அவரு கமாண்ட் லைன்ல அவருக்கு வேணுங்கறத குடுக்கறதுக்காக இருக்கறது. நீங்க அதுல கை வச்சா உள்ள இழுத்துட்டு வர்ற தேர்டு பார்ட்டி லைப்ரரி எல்லாத்துக்கும் உங்க வார்னிங் போயிடும், ஆட் கம்பைல் ஆப்ஷன்ஸ் போட்டாலும் அந்த டைரக்டரிக்கு கீழ அதுக்கப்புறம் சேர்க்கற எல்லாத்துக்கும் போகும். பக்கத்து வீட்டுக் குப்பைய நாம ஏன் கூட்டணும்.

சீமேக்ல பில்டு ஆகற ஒவ்வொரு லைப்ரரியும் ப்ரோக்ராமும் ஒரு டார்கெட், அந்த ஒன்னுக்கு மட்டும் பொருந்தற டார்கெட் கம்பைல் ஆப்ஷன்ஸ்தான் சரியான இடம், அதுவும் ப்ரைவேட்னு போட்டு. பப்ளிக்னு போட்டுட்டீங்கன்னா உங்க லைப்ரரிய லிங்க் பண்ற ஒவ்வொருத்தர் கோடுக்கும் உங்க ரூல் போயிடும், அவங்க உங்கள திட்டுவாங்க, நியாயமாத்தான் திட்டுவாங்க. பத்து டார்கெட் இருந்தா பத்து இடத்துல எழுத முடியாதுல்ல, அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு இன்டர்ஃபேஸ் லைப்ரரி, சோர்ஸ் ஃபைல் எதுவும் இல்லாம ஃப்ளாக்க மட்டும் சுமக்கற ஒரு டம்மி டார்கெட், அத உங்க டார்கெட் ஒவ்வொன்னும் ப்ரைவேட்டா லிங்க் பண்ணிக்கும். பாக்க அழகா இருக்கும், ஆனா உங்களோடது ஸ்டாட்டிக் லைப்ரரியா இருந்து மத்தவங்க ப்ராஜெக்ட்ல பயன்படுத்தற மாதிரி அத இன்ஸ்டால் எக்ஸ்போர்ட் பண்ணப் போனா, இந்த டம்மி டார்கெட் எந்த எக்ஸ்போர்ட் செட்லயும் இல்லன்னு சீமேக் சண்டை போடும், ப்ரைவேட்டுன்னு சொன்னாலும் ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு லிங்க் தகவல் வெளிய போய்த்தான் ஆகணும். பில்டு இன்டர்ஃபேஸ்ங்கற ஜெனரேட்டர் எக்ஸ்ப்ரெஷனுக்குள்ள சுத்திக் குடுத்தா போதும், சீமேக் 3.26க்கு மேலன்னா பில்டு லோக்கல் இன்டர்ஃபேஸ்னு இதுக்காகவே ஒன்னு இருக்கு. ரெண்டாவது வழி ஒரு ஃபங்ஷன் எழுதி அதுக்கு டார்கெட் பேர குடுக்கறது, உள்ள இஃப் எம்எஸ்விசி, எல்ஸ், ஆப்ஷன்ஸ் அவ்ளோதான். நான் ஃபங்ஷன் கட்சி, எக்ஸ்போர்ட் தலைவலியே கிடையாது, சின்ன ப்ராஜெக்டுன்னா எது வேணா போடுங்க. அந்த ஃபங்ஷன தனி ஃபைல்ல வச்சு இன்க்ளூட் பண்ணிக்கங்க, அப்பதான் நாளைக்கு ஒரு ஃப்ளாக் மாத்தணும்னா ஒரே இடம்.

நம்ம டார்கெட்டுக்கு மட்டும்தான போட்டேன் ஆனாலும் தேர்டு பார்ட்டி வார்னிங் வருதேன்னு கேப்பீங்க, அது அவங்க ஹெடர நீங்க இன்க்ளூட் பண்றதால வர்றது. ஹெடர சிஸ்டம் ஹெடர்னு சொல்லிட்டா கம்பைலர் கண்டுக்காது. டார்கெட் இன்க்ளூட் டைரக்டரீஸ்ல சிஸ்டம்ங்கற வார்த்தைய சேர்க்கலாம், ஃபைண்ட் பேக்கேஜ்ல வர்ற இம்போர்ட்டட் டார்கெட்னா தானாவே சிஸ்டமாத்தான் வரும், ஆட் சப்டைரக்டரி இல்ல ஃபெட்ச் கன்டென்ட்ல இழுக்கறதுன்னா 3.25லருந்து அங்கயே சிஸ்டம்னு போட்டுக்கலாம். இது தெரியாம தேர்டு பார்ட்டி ஹெடர எடிட் பண்ணி வார்னிங்க சரி பண்ணவங்கள பாத்திருக்கேன், அடுத்த அப்டேட்ல எல்லாம் போச்சு.

டபிள்யூ-எரர் விஷயத்துக்கு வருவோம். சிஐல, அதாவது கோடு மாறுறப்பல்லாம் தானா பில்டு போட்டுப் பாக்கற சர்வர்ல, கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா யாரும் சரி பண்ண மாட்டாங்க. ஆனா கோடோட சேர்ந்து வெளிய போகக்கூடாது, நாளைக்கு யாரோ நீங்க பாக்காத புது கம்பைலர்ல பில்டு பண்ணுவாங்க, அவங்களுக்கு உங்க கோடு உடையும். ஜென்டூ மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோல இத எடுத்துட்டுத்தான் பேக்கேஜ் பண்ணணும்னே சொல்லி வச்சிருக்காங்க. லினக்ஸ் கெர்னல்லயே 2021ல 5.15 வர்றப்ப கன்ஃபிக் வெரர்னு இதே டபிள்யூ-எரர போடற ஒரு செட்டிங்க கொண்டு வந்து எல்லாருக்கும் டிஃபால்ட்டா ஆன் பண்ணாங்க, கொஞ்ச நாள்லயே கம்பைல் டெஸ்ட் பண்றவங்களுக்கு மட்டும் டிஃபால்ட்னு இறக்கிட்டாங்க. அவங்களுக்கே அப்படின்னா நாம எம்மாத்திரம்.

இன்னொன்னு, நீங்க டார்கெட் ஆப்ஷன்ல நேரா எரர்னு எழுதிட்டீங்கன்னா பில்டு பண்றவரு சிஎக்ஸ்எக்ஸ் ஃப்ளாக்ஸ்ல டபிள்யூ-நோ-எரர்னு குடுத்தாலும் வேலைக்கு ஆகாது, அவரோடது முன்னாடி போகும் உங்களோடது பின்னாடி வரும், பின்னாடி வர்றது ஜெயிக்கும். சீமேக் 3.24ல இதுக்கு நல்ல வழி வந்துடுச்சு, கம்பைல் வார்னிங் ஆஸ் எரர்னு ஒரு டார்கெட் ப்ராப்பர்ட்டி, கம்பைலருக்கு ஏத்த ஃப்ளாக்க சீமேக்கே போட்டுக்கும், வேணாங்கறவரு சீமேக் ஓட்டறப்ப கம்பைல்-நோ-வார்னிங்-ஆஸ்-எரர்னு ரெண்டு ஹைஃபன் போட்டு குடுத்தா மொத்தமா அணைஞ்சுடும். இதே பேருக்கு முன்னால சீமேக்னு சேர்த்தா குளோபல் வேரியபிள், சிஐ ப்ரீசெட்ல, அதாவது சிஐக்குன்னு முன்னாடியே எழுதி வச்ச செட்டிங்ல, அத ஆன் பண்றது ஈசி, ஆனா ஃபெட்ச் கன்டென்ட்ல உள்ள வர்ற தேர்டு பார்ட்டி டார்கெட்டுக்கும் அது ஒட்டிக்கும். அவங்க கோடுல ஒரு டெப்ரிகேட்டட் வார்னிங், அதாவது இத இனிமே யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்றது, வந்தா உங்க சிஐ சிவப்பாயிடும். அதனால நான் ப்ராஜெக்ட் பேர்ல ஒரு ஆப்ஷன் வச்சு, டிஃபால்ட் ஆஃப், மேல சொன்ன ஃபங்ஷனுக்குள்ளயே ப்ராப்பர்ட்டிய செட் பண்ணிடுவேன், சிஐ ப்ரீசெட்ல அந்த ஆப்ஷன் ஆன்.

பழைய கோடு, பல வருஷ வார்னிங் குவிஞ்சு கிடக்குன்னா ஒரேயடியா எரர் போடாதீங்க. முதல்ல க்ளீன் பில்டு போடணும், சீமேக் சொல்றபடி கம்பைலர ஓட்டற நின்ஜா, மேக்ங்கற பில்டு டூல் எதுவா இருந்தாலும் மாறுன ஃபைல மட்டும்தான் திரும்ப கம்பைல் பண்ணும், பழைய வார்னிங் திரும்ப தெரியாது, சுத்தமா இருக்குன்னு ஏமாந்துடுவீங்க. அவுட்புட்ட ஒரு ஃபைல்ல பிடிச்சு, ஒவ்வொரு வார்னிங் கடைசியிலயும் சதுர அடைப்புல ஃப்ளாக் பேரு இருக்கும்ல, அத மட்டும் க்ரெப் பண்ணி சார்ட் போட்டு யூனிக் கவுன்ட் எடுங்க. ஒரே ஹெடர் அம்பது ஃபைல்ல இன்க்ளூட் ஆனா ஒரே வார்னிங் அம்பது தடவை எண்ணிக்கைல வரும், அதனால நம்பர பாத்து பயந்துடாதீங்க. எண்ணிக்கை கம்மியா இருக்கற வகைய எடுத்து முழுசா சரி பண்ணிட்டு, டபிள்யூ-எரர் ஈக்வல் போட்டு அந்த வகை பேர மட்டும் எழுதுங்க, இனிமே அந்த வகை மட்டும் எரர், மத்தது வார்னிங்காவே இருக்கும். அடுத்த வாரம் அடுத்த வகை. எதிர்ப்பக்கம் தேவைப்பட்டா நோ-எரர் ஈக்வல் டெப்ரிகேட்டட்-டெக்லரேஷன்ஸ்னு போட்டு ஒரு வகைய மட்டும் விலக்கியும் வைக்கலாம், எனக்கு அது எப்பவுமே விலக்குலதான் இருக்கும், ஏன்னா அது நம்ம தப்பு இல்ல, வெளி லைப்ரரி காலண்டர் படி வர்றது. எரரோட ஓட்டறப்ப நின்ஜாவுக்கு ஹைஃபன் கே 0 குடுங்க, முதல் எரர்ல நிக்காம எல்லாத்தையும் காட்டும்.

சரி பண்றதுன்னா டைப்ப கட்டாயமா மாத்தற காஸ்ட் போட்டு அடக்கறது இல்ல. சைன்-கம்பேருக்கு கண்ண மூடிட்டு காஸ்ட் போட்டா வார்னிங் போயிடும், மேல சொன்ன க்ராஷ் அப்படியே இருக்கும். வேணும்னே யூஸ் பண்ணாத பாராமீட்டருக்கு மேபி அன்யூஸ்டு, ஸ்விட்ச்ல வேணும்னே கீழ விழறதுக்கு ஃபால்த்ரூ, ரெண்டு ஆட்ரிப்யூட்டும் சி பிளஸ் பிளஸ் 17லயே இருக்கு. நிஜமாவே கம்பைலர் தப்பா சொல்லுதுன்னா ப்ராக்மா டயக்னாஸ்டிக் புஷ், இக்னோர்டு, பாப் போட்டு அந்த நாலு வரிக்கு மட்டும் அமுக்குங்க, பக்கத்துல ஏன்னு ஒரு கமென்ட். பாப் மறந்தா ஃபைல் கடைசி வரைக்கும் அமுங்கிடும், ஹெடர்ல மறந்தா அத இன்க்ளூட் பண்ற ஃபைல்லயும்.

நோ-ன்னு ஆரம்பிக்கற ஃப்ளாக்ல ஒரு வேடிக்கை இருக்கு. தனக்கு தெரியாத நோ ஃப்ளாக்க ஜிசிசி பேசாம விழுங்கிடும், வேற ஏதாவது வார்னிங் வந்தாத்தான் அதையும் சேர்த்து சொல்லும். செக் சிஎக்ஸ்எக்ஸ் கம்பைலர் ஃப்ளாக் வச்சு இந்த கம்பைலருக்கு இது தெரியுமான்னு கேட்டா தெரியும்னு பொய் சொல்லும், அதனால நோ இல்லாத பேர குடுத்து கேளுங்க, ஆமான்னா நோ-வ சேர்த்துக்கங்க. கிளாங் தெரியாத ஃப்ளாக்குக்கே வார்னிங் குடுக்கும், எரரும் சேர்ந்திருந்தா பில்டு நிக்கும். வரிசையும் பாருங்க, நோ ஃப்ளாக்க எப்பவும் ஆல், எக்ஸ்ட்ராவுக்கு பின்னாடி வைங்க, ஜிசிசிக்கு எங்க இருந்தாலும் ஒன்னுதான், கிளாங் இடமிருந்து வலமா படிக்கறதால முன்னாடி வச்சா பின்னாடி வர்ற ஆல் அத திரும்ப ஆன் பண்ணிடும்.

சிஐல டீபக் மட்டும் ஓட்டாதீங்க. மேபி-அன்இனிஷியலைஸ்டு மாதிரி சிலது ஆப்டிமைசேஷன் ஆன்ல இருந்தாத்தான் ஜிசிசிக்கு தெரியும், ரிலீஸ் பில்டும் ஓடணும்.

எல்லாம் வச்சப்புறம் நிஜமா போகுதான்னு பாக்க சீமேக் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ ஆன் பண்ணுங்க, நின்ஜாவுலயோ மேக் டூல்லயோ பில்டு பண்றவங்களுக்கு பில்டு ஃபோல்டர்ல கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசான்னு ஒரு ஃபைல் வரும், ஒவ்வொரு சோர்ஸுக்கும் முழு கமாண்ட் அதுல இருக்கும், உங்க ஃபைல்ல ஃப்ளாக் இருக்கணும், தேர்டு பார்ட்டி ஃபைல்ல இருக்கக்கூடாது. பொறுமை இல்லன்னா ஒவ்வொரு டார்கெட்லயும் ஏதாவது ஒரு ஃபங்ஷன்ல யூஸ் பண்ணாத ஒரு இன்ட் எழுதி பில்டு போடுங்க, எந்த டார்கெட் சத்தமே போடலையோ அங்க ஃபங்ஷன கூப்பிட மறந்திருக்கீங்க. அந்த இன்ட்ட திரும்ப அழிச்சுட்டு கமிட் பண்ணுங்க, நான் ஒரு தடவை அப்படியே புஷ் பண்ணி என் சிஐ என்னையே நிறுத்துச்சு.